மருந்தோடு அறிவும் வேண்டும்

'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்பது பழமொழி. இன்றோ இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவிற்கும் வாழ்நாள் முழுதும் மருந்துண்போர் பலர். ஆதலின் மருந்தைப் பற்றிய அறிவும் அதனுடன் வருதல் வேண்டும். அவ்வறிவை வழங்க மருந்தாளுநர்கள் நடத்துவதே மருந்துத் தகவல் நிலையம்.

அதன் தேவை என்ன? காசிக்கு யாத்திரை வரும் தமிழ் மூதாட்டி ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் உண்பது அம்லோடிபின் என்னும் இரத்த அழுத்த மாத்திரை. கையிருப்புக் குறையவே, இங்குள்ள மருத்துவர் அதையே வேறொரு நிறுவனத்தின் பெயரில் எழுதித் தருகிறார். அட்டையில் ஆங்கிலம், கடைக்காரர் பேசுவதோ இந்தி. புதிய மருந்தென்று கருதி இரண்டையும் உண்டால் அளவு இரட்டிக்கும். அழுத்தம் தாழ்ந்து, தலை சுற்றிப் படித்துறையில் விழவும் நேரும். 'பெயர் இரண்டு, மருந்து ஒன்றே' என்னும் சொல் அவரைக் காக்குமன்றோ?

இத்தகைய ஐயங்களை மருத்துவரும் செவிலியரும் நோயாளியும் நிலையத்தில் வினவலாம். மருந்தாளுநர் உடனே விடை கூறிவிடார். நோயாளியின் வயது என்ன, சிறுநீரகம் செவ்வனே இயங்குகிறதா, வேறு மருந்து உண்டா என்று முதலில் கேட்பார். பின்னர்ப் பாடநூல்களையும் மருந்துக் கையேடுகளையும், தேவையெனின் ஆய்வுக் கட்டுரைகளையும் தேடுவார். விடையைச் சான்றுடன் பதிவேட்டில் குறிப்பார். விற்க வேண்டிய சரக்கு அவரிடம் இல்லை. அதுவே அவர் சொல்லுக்கு வலிமை.

1962இல் அமெரிக்காவின் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் இத்தகைய நிலையம் தோன்றியது. நம் நாட்டில் 1997இல் கர்நாடக மாநில மருந்தாளுநர் மன்றம் பெங்களூரில் ஒன்றைத் தொடங்கியது. 2010இல் மருந்துகளின் தீய விளைவுகளைக் கண்காணிக்கும் தேசியத் திட்டமும் பிறந்தது. எனினும் தகவல் நிலையங்கள் பெரும்பாலும் நகரத்துக் கல்லூரிகளையும் பெரிய மருத்துவமனைகளையும் சார்ந்தே உள்ளன. சிற்றூர் மக்கள் அறிந்தது மருந்துக் கடை ஒன்றே. ஆகவே அக்கடையின் மருந்தாளுநர், தாம் அறியாததை நிலையத்திடம் கேட்டு மக்களுக்கு உரைக்கும் பாலமாதல் வேண்டும். மருந்துண்போருக்கு அறிவுரை கூறுவதை 2015ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகளும் அவர்தம் கடமையாக்கியுள்ளன.

இந்தியாவில் பல்கலைக்கழக அளவிலான மருந்தாக்கியல் கல்வி 1932இல் பேராசிரியர் மகாதேவ லால் ஷ்ராஃப் அவர்களால் தொடங்கப்பெற்றது, நாம் பயிலும் இக்காசி இந்துப் பல்கலைக்கழகத்தில்தான். தோழர்களே, மருந்து வாங்குங்கால் வணிகப் பெயரோடு நில்லாது, உள்ளிருக்கும் மருந்தின் பெயரையும் கேளுங்கள். மொழி அறியாது கடைவாயிலில் தயங்கி நிற்போருக்காகவும் கேளுங்கள். கேட்பார் பெருகினால் சொல்வாரும் பெருகுவர்.