பெல்ட் மாற்றிய பின் மிஸ்ஸிங் அடித்தால்

அன்புள்ள கதிருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சான்ட்ரோ ஒன்றுக்கு டைமிங் பெல்ட் மாற்றினாய். ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஐட்லிங்கில் உதறுகிறது, மேட்டில் இழுவை இல்லை. புதுக் காயில் வாங்கிப் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். அவசரப்படாதே. 1998 முதல் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி வந்த வண்டி அது; நம் பக்கத்தில் இன்னும் நிறைய ஓடுகிறது. அதில் கற்றுக்கொள்வது உனக்கு நாளைக்கும் உதவும்.

வரும்போது ஒழுங்காக ஓடிய வண்டி நாம் கை வைத்த பிறகு மிஸ்ஸிங் அடித்தால், கோளாறு பெரும்பாலும் நாம் தொட்ட இடத்தில்தான் இருக்கும். எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: ஒரு சிலிண்டர் படுத்திருக்கிறதா, எல்லாமே சேர்ந்து சோர்ந்திருக்கிறதா?

ஏன் இந்தக் கேள்வி? அந்த எஞ்சினில் நான்கு சிலிண்டருக்கும் ஒரே கேம். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. அந்தக் கணக்கு பிசகாமல் காப்பதுதான் பெல்ட்டின் வேலை. பெல்ட் ஒரு பல் தள்ளி விழுந்தால் நான்கு சிலிண்டரின் வால்வுகளும் ஒரே அளவு முன்பின்னாகும். ஒன்றை மட்டும் கெடுக்க அதனால் முடியாது. ஆகவே ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் பெல்ட் கவரைத் திரும்பக் கழற்றாதே. பிளக் பக்கம் போ.

ஸ்கேனர் இருந்தால் பார். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0304 என்றால் நான்காவது. பி0300 என்றால் ஒன்றில் நிற்காமல் பல சிலிண்டர்களில் மிஸ் ஆகிறது. பி0016 வந்தால் கிராங்க் சென்சாரும் கேம் சென்சாரும் சொல்லும் கணக்கு ஒத்துப்போகவில்லை; பெல்ட் மேல் சந்தேகம் வலுக்கும். ஸ்கேனர் இல்லையென்றால் எஞ்சின் ஓடும்போதே இன்ஜெக்டர் கப்ளரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டு. நல்ல சிலிண்டரின் கப்ளரைக் கழற்றினால் எஞ்சின் இன்னும் தள்ளாடும். எதைக் கழற்றியும் சத்தம் மாறவில்லையோ, அதுதான் படுத்த சிலிண்டர். பிளக் வயரைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய பழக்கம் வேண்டாம்; போக வழியில்லாத ஹை டென்ஷன் கரண்ட் காயிலைக் கெடுக்கும், உன் கையையும் பதம் பார்க்கும்.

ஒரு சிலிண்டர் என்றால் முதலில் பிளக். கிராங்கைக் கையால் சுற்ற எளிதாக இருக்கட்டும் என்று பிளக்குகளைக் கழற்றியிருப்பாய். திரும்ப முடுக்கும்போது பாக்ஸ் ஸ்பானர் சாய்ந்தால் வெள்ளைப் பீங்கானில் மயிரிழை விரிசல் விழும். ஸ்பார்க் அதன் வழியே கசியும்; வெளிப்புறத்தில் மெல்லிய கறுப்புக் கோடு தெரியும். ஐட்லிங்கில் சமாளித்துவிட்டு, மேட்டில் லோடு ஏறும்போது காட்டிக்கொடுக்கும் கோளாறு இது. அடுத்து, பிளக் வயர் 'டக்'கென்று முழுதாக உட்கார்ந்ததா, இன்ஜெக்டர் கப்ளரின் லாக் விழுந்ததா என்று பார். வேலைக்காக ஒதுக்கிய வேக்குவம் ஹோஸ் எதுவும் மாட்டப்படாமல் தொங்குகிறதா என்றும் தடவிப் பார்.

இரண்டு சிலிண்டர் படுத்திருந்தால் வயர் மாறியிருக்கலாம். இரட்டைக் காயில் வைத்த எஞ்சின்களில் 1, 4 இரண்டுக்கும் ஒரே நேரத்தில் ஸ்பார்க் வரும். 2, 3 இரண்டுக்கும் அப்படியே. அதனால் ஒன்றின் வயர் நான்கில் போனால்கூட வண்டி சும்மா ஓடும். ஒன்றும் இரண்டும் மாறினால்தான் இரண்டுமே படுக்கும்.

நான்கும் சேர்ந்து சோர்ந்திருந்தால் கம்ப்ரஷன் பார். பிளக்குகளையெல்லாம் கழற்று, காயில், இன்ஜெக்டர் கப்ளர்களை எடுத்துவிடு, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக் கிராங்க் பண்ணு. நான்கிலும் ஒரே மாதிரி குறைந்திருந்தால் வால்வு டைமிங் பின்தங்கியிருக்கிறது. கிராங்க் சக்கரத்தில் 20 பல் என்றால் கேம் சக்கரத்தில் 40. ஒரு பல் தவறினாலே கிராங்க் கணக்கில் 18 டிகிரி. ஒரு பல்தானே என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டு. ஒன்றில் மட்டும் கம்ப்ரஷன் படுத்திருந்தால், ஓட்டத்தில் பெல்ட் அறுந்து வந்த வண்டியா என்று கேள். அப்படியானால் பிஸ்டன் இடித்து வால்வு வளைந்திருக்கலாம். ஹெட்டை இறக்காமல் தீராது.

டைமிங் குறியைச் சரியாக வைத்தேனே, எப்படிப் பல் மாறும் என்று கேட்பாய். டென்ஷனர் இல்லாத பக்கத்தில் பெல்ட் விறைப்பாக இருக்க வேண்டும். அங்கே தொய்வை விட்டு மாட்டினால், டென்ஷனரைத் தளர்த்திய நொடியில் அந்தத் தொய்வு இழுபட்டுக் கேம் நகர்ந்துவிடும். முதலில் பார்க்கும்போது குறி நேராகத்தான் இருந்திருக்கும். அதனால்தான் எஞ்சின் சுற்றும் திசையில் கிராங்கை முழுதாக இரண்டு சுற்று கையால் சுற்றிப் பார்க்கச் சொல்வது. ஒரு சுற்று போதாது. கேம் பழைய இடத்துக்குத் திரும்ப இரண்டு வேண்டும். நடுவில் ஸ்பானர் கெட்டியாக முட்டினால் அழுத்தாதே. பிஸ்டன் வால்வைத் தொடுகிறது என்று அர்த்தம்.

இத்தனையும் பார்த்து, காயில்தான் போயிருக்கிறது என்று தெரிந்தால் தாராளமாக மாற்று. அதற்கு முன் வண்டிக்காரரிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்காதே.

அன்புடன்,
மாமா