கிரகணப் படம்: செல்போனா, டிஎஸ்எல்ஆரா, மவுண்டா?

2028 டிசம்பர் 31 இரவு முழுச் சந்திர கிரகணம். இந்திய நேரப்படி எட்டரை மணிவாக்கில் பூமியின் நிழல் நிலவில் ஏறும். பத்து மணிக்குச் சற்று முன் நிலவு முழுதும் நிழலுக்குள் போய், 70 நிமிடம் போலச் சிவந்து கிடக்கும். 70 மி.மீ. லென்ஸும் 700 மி.மீ. குவியத் தூரமும் உள்ள சாதாரணத் தொலைநோக்கியே படம் எடுக்கப் போதும். இருக்கிற காசைக் கேமராவில் போடுவதா, குழாயைத் தாங்கும் மவுண்டில் போடுவதா? என் ஓட்டு மவுண்டுக்கு.

காரணம் வெளிச்சம். முழுநிலவுக்கு ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/125 வினாடி போதும். முழு மறைப்பில் ஒளி பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். ஐஎஸ்ஓ 1600 வைத்தாலும் வினாடிக்கணக்கில் திறந்து வைக்க வேண்டும். எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அது பூமியின் காற்றில் உள்ள தூசியைப் பொறுத்தது. 1991-ல் பினதுபோ எரிமலை வெடித்த பிறகு, 1992 டிசம்பர் கிரகணத்தில் நிலவு மிகவும் இருண்டுபோனது. ஒரே அளவை நம்பாமல் கூட்டியும் குறைத்தும் எடுங்கள்.

பகுதி மறைப்பு மட்டும் போதும் என்பவருக்குச் செல்போனே சரி. 25 மி.மீ. ஐபீஸில் கிளிப் மாட்டி, ப்ரோ மோடில் வெளிச்சத்தைக் குறைத்து, டைமர் வைத்து எடுங்கள். ஆட்டோவில் விட்டால் போன் கருப்பு வானத்தைப் பார்த்து வெளிச்சத்தை ஏற்றிவிடும். நிலவு வெள்ளைத் தட்டாகிவிடும். சிவந்த நிலவில் போன் திணறும்.

டிஎஸ்எல்ஆரை டி-ரிங் போட்டு நேராகப் பொருத்தலாம். குவியத் தூரத்தை 109-ஆல் வகுத்தால் சென்சாரில் விழும் நிலவின் அளவு கிடைக்கும்: 700 மி.மீ.க்கு சுமார் 6.4 மி.மீ. ஏபிஎஸ்-சி சென்சாரின் உயரம் ஏறத்தாழ 15 மி.மீ. என்பதால் தாராளமாக அடங்கும். நியூட்டோனியன் வகைத் தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் மட்டும் டி-ரிங் வாங்கும் முன் கவனியுங்கள்: பல சிறிய குழாய்களில் ஃபோகஸரை முழுக்க உள்ளே தள்ளினாலும் படம் தெளியாது. குவியத் தூரத்தை இரட்டிக்கும் பார்லோ லென்ஸைச் செருகினால் தெளியலாம், ஆனால் 900 மி.மீ. குழாய் 1800 ஆகி நிலவு வெளியே வழியும்.

இனி மவுண்ட். நிலவு இரண்டு நிமிடத்தில் தன் அகலம் அளவு நகர்ந்துவிடும். 700 மி.மீ. குழாயில் ஒரு வினாடி திறந்தாலே பத்துப் பிக்சலுக்கு மேல் இழுபடும். மோட்டார் உள்ள ஈக்வடோரியல் மவுண்ட் இதைத் தீர்க்கும். நிலவு வேகம் என்ற அமைப்பு இருந்தால் அதையே போடுங்கள். வாங்க வசதியில்லையா? ஐஎஸ்ஓ 6400, கால் வினாடி. நிறைய எடுத்து மென்பொருளில் அடுக்குங்கள். குருணை தெரியும், நிறம் கிடைக்கும்.

அன்று நிலவு தமிழ்நாட்டில் உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும். குழாயை நிமிர்த்தினால் கேமரா கீழே தொங்கி முக்காலியின் காலில் இடிக்கும். ஃபோகஸர் திருகை இறுக்காவிட்டால் கேமராவின் எடையில் அது மெல்ல வழுக்கும். அதே ஆண்டு ஜூலை 6 நள்ளிரவை ஒட்டிப் பகுதி கிரகணம் ஒன்று வருகிறது. இடிக்கிறதா, வழுக்குகிறதா என்பதை அன்றே பார்த்துவிடலாம்.