பால்மறக்கும் பருவத்தில் பயணம்

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் கலீஃபாவாக இருந்த காலம். வெளியூரிலிருந்து வந்த வணிகக் கூட்டம் ஒன்று மதீனாவின் தொழுகைத் திடலில் இறங்கித் தங்கியிருந்தது. அன்றிரவு அவர்களுக்குக் காவலாக உமர் (ரலி) அவர்களும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் விழித்திருந்தார்கள். கூட்டத்திலிருந்து ஒரு குழந்தையின் அழுகை கேட்டது. உமர் (ரலி) அவர்கள் சென்று, குழந்தையைக் கவனிக்கும்படித் தாயிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். மீண்டும் அழுகை; மீண்டும் சென்றார்கள். இரவின் கடைசிப் பகுதியில் மறுபடியும் அழுகை கேட்கவே, பிள்ளை ஏன் இப்படி ஓயாமல் அழுகிறது என்று விசாரித்தார்கள்.

கேட்பவர் யாரென்று அந்தத் தாய்க்குத் தெரியாது. பால்குடி மறந்த குழந்தைக்குத்தான் உமர் உதவித் தொகை தருகிறார், அதனால் இவனுக்குப் பாலை நிறுத்தப் பார்க்கிறேன், இவன் ஒத்துக்கொள்ள மறுக்கிறான் என்றாள். குழந்தைக்கு ஆகியிருந்ததோ சில மாதங்கள்தாம். அன்றைய ஃபஜ்ருத் தொழுகையில் உமர் (ரலி) அவர்கள் ஓதியது, அழுகையின் காரணமாக மக்களுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. தொழுகை முடிந்ததும், குழந்தைகளை அவசரப்பட்டுப் பால்மறக்கச் செய்யாதீர்கள், இனிப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்ததிலிருந்தே உதவித் தொகை உண்டு என்று அறிவிக்கச் செய்தார்கள். இப்னு ஸஅது அவர்களின் 'தபகாத்' நூலில் இச்சம்பவம் காணப்படுகிறது.

பயணத்தில் வந்த ஒரு பச்சைக் குழந்தையின் அழுகைக்காக ஓர் ஆட்சியின் சட்டமே மாறியது. இன்று நம் வீடுகளில் உதவித் தொகைக்காக யாரும் பாலை நிறுத்துவதில்லை. ஆனால் பயணத்துக்காக நிறுத்துகிறோம். "அடுத்த மாதம் நிக்காஹுக்குப் போக வேண்டும், இப்போதே புட்டிக்குப் பழக்கிவிடு" என்று பெரியவர்களே சொல்வதைக் கேட்கிறோம். இது சரிதானா என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

மார்க்கம் வகுத்த முறை

திருக்குர்ஆனில் சூரத்துல் பகராவின் 233-ஆம் வசனம் பாலூட்டலுக்கென்றே அமைந்த வசனம். பாலூட்டலை முழுமையாக்க விரும்புவோருக்கு இரண்டு முழு ஆண்டுகளை அது குறிப்பிடுகிறது. பாலூட்டும் தாயின் உணவும் உடையும் தந்தையின் பொறுப்பு என்கிறது. அதற்கு முன்பே பால்மறக்கச் செய்வதானால், பெற்றோர் இருவரும் மனமொத்து, கலந்து ஆலோசித்துச் செய்தால் குற்றமில்லை என்கிறது. இதில் நாம் கவனிக்க வேண்டியது அந்தக் கலந்தாலோசனை. குழந்தையின் நலனை முன்னிறுத்தி இருவரும் எடுக்க வேண்டிய முடிவு அது. பஸ் டிக்கெட்டும் கல்யாணத் தேதியும் எடுத்துவிடக் கூடிய முடிவு அல்ல.

இன்றைய மருத்துவமும் இதற்கு இசைவாகவே நிற்கிறது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். ஆறு மாதம் நிறைந்ததும் மற்ற உணவு. அதனுடன் இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆகவே பால்மறப்பு என்பது ஒரே நாளில் கதவை அடைப்பதல்ல. உணவு மெல்ல மெல்லக் கூடி, பால் மெல்ல மெல்லக் குறைகிற நீண்ட காலம் அது. அந்தக் காலத்தின் நடுவில்தான் பயணங்கள் வருகின்றன.

இரும்பையிலிருந்து நாகூருக்கு

விழுப்புரம் மாவட்டத்து இரும்பையிலிருந்து ஒரு குடும்பம் நாகூரில் நடக்கும் உறவினர் நிக்காஹுக்குப் புறப்படுகிறது என்று வைத்துக் கொள்வோம். குழந்தைக்கு எட்டு மாதம். திண்டிவனம் - புதுச்சேரி சாலைக்கு வந்து பஸ் பிடித்து, புதுச்சேரியில் மாறி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால் வழியாகப் போய்ச் சேர வேண்டும். காலையில் கிளம்பினால் பாதிப் பகல் போய்விடும். வெயில், நெரிசல், கைகழுவ இடமில்லை. குழந்தைக்கு என்ன கொடுப்பது?

முதல் விடை, தாய்ப்பால்தான். அதைக் காய்ச்ச வேண்டாம், சுமக்க வேண்டாம், கெட்டுப் போகாது. பயண நாளில் குழந்தை புது இடத்தைக் கண்டு மிரண்டு சோற்றை மறுத்தாலும் பாலை மறுப்பது அரிது. அன்று வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கேட்டால் கூடுதலாகவே கொடுக்கலாம். கூச்சம் என்பார்கள். சன்னல் ஓர இருக்கையில் தாய் அமர்ந்து, பக்கத்தில் கணவர் உட்கார்ந்து, ஒரு துப்பட்டியும் இருந்தால் மறைவு கிடைத்துவிடுகிறது. 2015 ஆகஸ்டில் தமிழக அரசு பஸ் நிலையங்களில் பாலூட்டும் தாய்மார்களுக்கெனத் தனி அறைகளைத் திறந்தது. இறங்கும் நிலையத்தில் அந்த அறை எங்கே என்று விசாரித்து வைத்துக்கொள்வது அத்தாவின் வேலை.

தாயின் வயிற்றையும் மறக்கக் கூடாது. அன்னை ஹாஜர் (அலை) அவர்கள் மக்காவின் வெறும் பள்ளத்தாக்கில் ஒரு பை பேரீச்சம்பழத்தோடும் ஒரு துருத்தித் தண்ணீரோடும் விடப்பட்டார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இஸ்மாயீல் (அலை) அவர்களுக்குப் பாலூட்டினார்கள் என்று புகாரியில் வருகிறது. தண்ணீர் தீர்ந்தது, தாயும் தவித்தார்கள், பிள்ளையும் தவித்தது. அதன் பிறகுதான் ஸஃபா, மர்வா ஓட்டமும் ஜம்ஜமும். பாலூட்டுகிறவளுக்குத் தாகம் தீரத் தண்ணீர் வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் எது? பஸ்ஸில் சிறுநீர் கழிக்க வழியில்லை என்று தண்ணீரே குடிக்காமல் வருகிற தாய்மார்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

எட்டு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதாது. குறிப்பாக இரும்புச்சத்து உணவிலிருந்து வர வேண்டும். ஆறு முதல் எட்டு மாதம் வரை நாளைக்கு 2 அல்லது 3 வேளை. இரண்டு மூன்று மேசைக்கரண்டியில் தொடங்கி, 250 மில்லி கிண்ணத்தில் பாதி வரை உயர்த்தலாம். ஒன்பது முதல் பதினொரு மாதம் வரை 3 அல்லது 4 வேளை, அரைக் கிண்ணம். ஒரு வயதுக்கு மேல் முக்கால் முதல் முழுக் கிண்ணம்.

சமைத்த ஈர உணவை வெளியில் வைத்தால் 2 மணி நேரத்துக்கு மேல் நம்பக் கூடாது. நம் ஊர் வெயிலில் குழைத்த சோறும் கேழ்வரகுக் கூழும் சீக்கிரம் கெட்டுவிடும். அவற்றை வீட்டிலேயே ஊட்டிவிட்டுக் கிளம்புங்கள். வழிக்கு உலர்ந்த உணவே ஏற்றது. அவலையும் பொட்டுக்கடலையையும் வறுத்து, மாவாகப் பொடித்து, சலித்து, ஈரமில்லாத டப்பாவில் எடுத்துக் கொள்ளலாம். வேண்டும்போது கொதித்து ஆறிய வெந்நீரில் கெட்டியாகக் குழைத்து, சில துளி நெய் விட்டு ஊட்டலாம். கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாத பதம் இருக்க வேண்டும். தண்ணீராகக் கரைத்தால் வயிறு நிறையுமே தவிரச் சத்துச் சேராது.

வாழைப்பழம் இறைவனே உறை போட்டு அனுப்பிய உணவு. தோலை உரித்து அப்போதே மசித்துக் கொடுக்கலாம். நறுக்கி விற்கும் பழம் வேண்டாம். புதிய உணவு எதையும் பயண நாளில் தொடங்கக் கூடாது. பொடியை ஒரு வாரம் முன்பே வீட்டில் கொடுத்துப் பழக்கிவிடுங்கள்.

பிளாஸ்கில் வெந்நீர் வரட்டும், பால் வேண்டாம். மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக இருக்கும் பால் கிருமிகள் பெருகும் இடம். புட்டியும் வேண்டாம். ரப்பரின் இடுக்கையும் புட்டியின் கழுத்தையும் பஸ் நிலையத்துக் குழாயடியில் சுத்தம் செய்ய முடியாது. தாய்ப்பாலுக்கு மாற்றான பால்மாவுக்கும் புட்டிக்கும் விளம்பரம் செய்வதையே நம் நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது என்றால் யோசித்துப் பாருங்கள். கிண்ணமும் கரண்டியும் போதும். டாக்டர் சொல்லிப் பால்மாவு கொடுக்கும் நிலையில் உள்ளவர்கள், அளந்த மாவைத் தனியாகவும் சூடான வெந்நீரைத் தனியாகவும் எடுத்துச் சென்று, கலக்கிய உடனே, கொடுக்கும் சூட்டுக்கு ஆற்றிக் கொடுத்து, மீந்ததைக் கொட்டிவிட வேண்டும்.

இன்னும் மூன்று எச்சரிக்கைகள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது. தேனில் ஷிஃபா இருப்பதாகக் குர்ஆன் கூறுவது உண்மையே. ஆனால் பச்சைக் குழந்தையின் குடல் இன்னும் முதிரவில்லை. தேனில் சில சமயம் இருக்கும் ஒரு நுண்கிருமியின் வித்து அங்கே முளைத்து, தசைகளைத் தளரச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். ஒரு வயதுக்குப் பிறகு அந்தப் பயமில்லை. இரண்டாவது, வேர்க்கடலை, முறுக்கு, முழுத் திராட்சை போன்றவை தொண்டையில் அடைக்கும். ஓடும் பஸ்ஸின் குலுக்கலில் எதையும் ஊட்ட வேண்டாம்; வண்டி நிற்கும்போது குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டுங்கள். மூன்றாவது, தேநீரில் நனைத்த பிஸ்கட். அழுகை அடங்கும், ஆனால் தேநீர் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாமல் தடுக்கும்.

வழியில் வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் தாய்ப்பாலையோ உணவையோ நிறுத்தாதீர்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஒன்று பையில் இருக்கட்டும். பொட்டலத்தில் எழுதிய அளவு கொதித்து ஆறிய தண்ணீரில் முழுவதையும் கரைத்து, ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி வரை கரண்டியால் கொடுங்கள். கண் குழிந்தாலோ, குழந்தை துவண்டாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ நிக்காஹ் காத்திருக்கட்டும், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தொழுகையும் நோன்பும்

உணவு தொடங்கிய குழந்தையோடு பயணம் போகும் தாய் ஒரு மஸ்அலாவை அறிந்திருக்க வேண்டும். இன்னும் உணவு உண்ணத் தொடங்காத தம் ஆண் குழந்தையை உம்மு கைஸ் (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கொண்டு வந்தார்கள். குழந்தை நபியவர்களின் ஆடையில் சிறுநீர் கழித்தது. நபியவர்கள் தண்ணீர் வரவழைத்துத் தெளித்தார்கள், கழுவவில்லை. புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் இந்த ஹதீஸின்படி, பாலைத் தவிர வேறு உணவு உண்ணாத, இரண்டு வயது நிறையாத ஆண் குழந்தைக்கு மட்டுமே ஷாஃபிஈ மத்ஹபில் இந்தச் சலுகை. உணவு தொடங்கிவிட்டால் கழுவியே ஆக வேண்டும். ஹனஃபி மத்ஹபில் எல்லா நிலையிலும் கழுவ வேண்டும். ஆகவே தொழுகைக்கென ஒரு மாற்றுடையைத் தனியாகக் கட்டி வைத்துக்கொண்டால் வக்து தவறாது.

பயணம் ரமலானில் அமைந்தால், பயணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் நோன்பில் சலுகை உண்டு என்பதை நபியவர்கள் ஒரே ஹதீஸில் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள். விட்ட நோன்பைப் பின்னர் களாச் செய்ய வேண்டும். குழந்தைக்காக மட்டும் அஞ்சி விட்டிருந்தால் ஷாஃபிஈ மத்ஹபில் களாவோடு ஃபித்யாவும் உண்டு. ஹனஃபி மத்ஹபில் களா மட்டுமே. உங்கள் நிலையை ஊர் ஆலிமிடம் சொல்லித் தெளிவு பெறுங்கள்.

புறப்படும் முன்பு

பயணத்துக்கு முந்திய இரவு கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசுங்கள். எந்த பஸ், எங்கே இறங்கிப் பாலூட்டுவது, வெந்நீர் பிளாஸ்கை யார் தூக்குவது, இடையில் எத்தனை வேளை உணவு என்று முடிவு செய்யுங்கள். குர்ஆன் சொன்ன கலந்தாலோசனை இந்தச் சிறிய காரியங்களிலும் பொருந்தும். குழந்தையின் வேளைகளை முதலில் குறியுங்கள். அதற்கு ஏற்பப் பயணத்தை அமைத்துக் கொள்ளுங்கள். ஒரு பஸ் தவறினால் அடுத்த பஸ் வரும். முன்கூட்டியே நின்றுபோன பாலைத் திரும்ப வரவழைப்பது எளிதல்ல.

தொழுகைத் திடலில் அன்றிரவு அழுத குழந்தையின் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் அதன் அழுகையைக் கேட்டு எழுந்து போனவரை அறிவோம். நம் மடியில் அழும் குழந்தையின் குரல் நம் காதிலும் விழ வேண்டும். அந்த அமானிதத்தைப் பேணிக் காக்கும் பெற்றோர்களாக வல்ல நாயன் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.