பாறசாலையிலிருந்து தோலாவிரா: பாலைநில நகரைப் பார்க்கும் முறை

களியக்காவிளையைத் தாண்டியதும் தொடங்கும் பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை ஆகிய எல்லை ஊர்களின் ஊடே செல்லும் இருப்புப்பாதையில், நாகர்கோவிலிலிருந்து குஜராத்தின் காந்திதாம் வரை செல்லும் வாராந்திர விரைவு வண்டி ஒன்று ஓடுகிறது. அது போய்ச் சேரும் கட்ச் மாவட்டத்தில்தான், ரண் எனப்படும் உப்புப் பாலைவெளியின் நடுவே கதீர் பேட் என்னும் மேட்டுநிலத்தில், ஹரப்பா நாகரிகத்தின் பெருநகரங்களுள் ஒன்றான தோலாவிரா இருக்கிறது. 1967-68இல் ஜெ. பி. ஜோஷி அடையாளம் கண்டு, 1990 முதல் ஆர். எஸ். பிஷ்ட் தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை விரிவாக அகழ்ந்த இவ்விடம், 2021இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

கேரளப் பள்ளிகளின் கோடை விடுமுறையைக் கருதி ஏப்ரல், மே மாதங்களில் அங்கே செல்ல நினைப்போர் அந்த எண்ணத்தைக் கைவிடுதல் நலம். அம்மாதங்களில் வெப்பம் 40 பாகையை எளிதில் கடப்பதோடு, இடிபாடுகளுக்கிடையே ஒதுங்க நிழலும் இராது. நவம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். அதிலும் கிறிஸ்துமஸ் நெரிசல் ஓய்ந்தபின் வரும் ஜனவரிப் பிற்பாதியே சிறந்தது.

காந்திதாம் வண்டி எல்லா நிலையங்களிலும் நிற்பதில்லையாதலால், திருவனந்தபுரத்திலோ நாகர்கோவிலிலோ ஏறுவதாகக் கொண்டு முன்பதிவு செய்வதே குழப்பமற்றது. முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்னரே தொடங்குகிறது. வண்டியில் இரண்டு இரவுகள் கழியும். போகும் சீட்டை வாங்கிவிட்டுத் திரும்பும் வழியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பவர்களே இங்கு இடறுகிறார்கள். வாரத்துக்கு ஒரு வண்டி என்பதால், அதிலேயே திரும்ப வேண்டுமானால் பயணத்தை அதன் நாட்களுக்கு ஏற்ப நீட்டவோ குறுக்கவோ நேரும். ஆகவே, அகமதாபாத் சென்று, வேராவலிலிருந்து திருவனந்தபுரம் வரும் வண்டியையோ கேரளம் செல்லும் பிற வண்டிகளையோ பிடிப்பதென முதலிலேயே தீர்மானித்து, இரண்டு சீட்டுகளையும் ஒருங்கே எடுத்துவிட வேண்டும்.

காந்திதாமிலிருந்து புஜ் நகரம் ஏறக்குறைய 60 கி.மீ. தொலைவில் உள்ளது. அங்கிருந்து தோலாவிராவுக்கு ராபர் வழியாகச் செல்லும் பழைய பாதை 200 கி.மீ.க்கும் மேற்பட்டது. காவடா வழியாக உப்புவெளியைக் குறுக்கே கடக்கும் புதிய சாலையில் ஏறக்குறைய 130 கி.மீ.தான். வாடகைக் கார் பேசும்போது எந்த வழி என்பதை உறுதி செய்யாதவர் பாதி நாளை இழப்பார். காவடாவுக்குப் பிறகு கடைகள் அரிது. எரிபொருளும் ஆளுக்கு மூன்று லிட்டர் குடிநீரும் புஜ்ஜிலேயே நிறைத்துக்கொள்ள வேண்டும். பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய பகுதியாதலால் ஆதார் அட்டையின் மூலப்படி கையில் இருப்பதும் அவசியம். மீனின்றிச் சோறு இறங்காத பூவார், பொழியூர்க் கரையோரத்தார், கம்பு ரொட்டிக்கும் மோருக்கும் இரண்டு நாள் மனத்தைப் பழக்கிக்கொள்ளலாம். மதுவிலக்கு நடப்பில் உள்ள மாநிலம் என்பதையும் நினைவில் கொள்க.

தோலாவிராவில் ஓர் இரவு தங்கியே ஆக வேண்டும். புஜ்ஜிலிருந்து காலையில் புறப்பட்டு மாலையில் திரும்புவோர் நண்பகலில் வந்திறங்கி, நேரே கோட்டை மேட்டில் ஏறி, கற்குவியல்களைப் படமெடுத்து, இவ்வளவுதானா என்று ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடுகிறார்கள். பிழை நகரத்தினுடையதன்று, பார்க்கும் வரிசையினுடையது. இந்நகரம் மழைநீரைச் சேமிக்கும் பெருந்திட்டத்தைச் சுற்றி எழுந்ததாதலால், நீர் சென்ற வழியே நடந்தாலன்றி அதன் அமைப்பு விளங்காது. குளிர்காலத்தில் அங்கே சூரியன் ஏழு மணிக்குப் பிறகே எழுகிறது. கேரளத்துக் கடிகாரப் பழக்கத்தில் ஆறு மணிக்கே கிளம்புவோர் இருளில் காத்திருக்க நேரிடும்.

முதலில் காண வேண்டியது கிழக்கு நீர்த்தேக்கம். ஏறத்தாழ 73 மீட்டர் நீளமும் 29 மீட்டர் அகலமும் 10 மீட்டருக்கு மேல் ஆழமும் கொண்ட அதன் கரையில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு நகர்வதே பலரது வழக்கம். அங்கே குறைந்தது அரை மணி நேரம் நின்று, படிக்கட்டு எவ்வளவு ஆழம்வரை இறங்குகிறது, அடித்தளத்தில் கிணறு எங்கே அமைந்துள்ளது என்பவற்றை நோக்க வேண்டும். ஆண்டுக்கு 300 மி.மீ.க்கும் குறைவாக மழை பெறும் நிலத்தில், வடக்கே மன்சார், தெற்கே மன்ஹார் என்னும் இரு பருவகால ஓடைகளைத் தடுப்பணைகளால் மறித்து, வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஏறக்குறைய 13 மீட்டர் தாழும் நிலச்சரிவைப் பயன்படுத்தித் தேக்கங்களை நிரப்பினர். நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் தண்ணீர் வருமா வராதா என்ற வழக்கோடு வாழும் எல்லைக் கிராமத்தாருக்கு, சரிவும் தடுப்பும் கால்வாயும் சேர்ந்தால்தான் நீர் என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

அடுத்து தெற்கே, பாறையைக் குடைந்து அமைத்த தேக்கங்களைப் பார்த்த பின்னரே கோட்டைக்கு ஏற வேண்டும். அங்குள்ள பெரிய கிணற்றின் விளிம்புக்கற்களில் கயிறு உராய்ந்த தடங்களையும், மழைநீரைத் திரட்டிச் சென்ற கற்கால்வாய்களையும் முதலில் தேட வேண்டும். பின்னர் வடக்கு வாயில்: பத்துப் பெரிய குறிகளைக் கொண்ட, இன்னும் படித்தறியப்படாத ஹரப்பா எழுத்துப் பலகை அதன் பக்க அறையில் கிடைத்தது. அங்கே அதைத் தேடி நிற்பது வீண்; பலகை காட்சிக்கு இல்லை. வாயிலுக்கு எதிரே விரியும் நீண்ட திறந்தவெளியையும், அதற்கப்பால் உள்ள நடுநகர், கீழ்நகர் வீதிகளையும் வெயில் ஏறுமுன் நடந்து முடித்தால், தளத்திலுள்ள அருங்காட்சியகத்துக்குப் பதினோரு மணிக்குள் வந்துவிடலாம். வெள்ளிக்கிழமை அது மூடப்பட்டிருக்கும்.

மாலை வெயில் தணிந்தபின் மேற்கே உள்ள புதைமேடுகளுக்குச் செல்லலாம். அவற்றுள் ஒன்று ஆரங்கள் கொண்ட சக்கர வடிவில் கட்டப்பட்டது. வழியெங்கும் காலடியில் பானை ஓடுகள் தென்படும்; இத்தளம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டதாதலால், அவற்றுள் ஒன்றைக்கூட எடுக்கலாகாது. இருட்டியபின் ரண் சாலையில் கார் ஓட்டச் சொல்லி ஓட்டுநரை வற்புறுத்துவதும் கூடாது. புஜ்ஜுக்கு மறுநாள் காலையில் புறப்பட்டால் போதும்.