சோலார் செல் வாங்கியாச்சா? முதல்ல சோதிச்சுப் பாருங்க!



அறிவியல் கண்காட்சியில் சோலார் கார், சோலார் ஃபேன் என்று வருஷா வருஷம் யாராவது செய்கிறோம். கொண்டுவந்து வைத்ததும் அது ஓடாது. உடனே எல்லோரும் மோட்டார் மேலே பழி போடுவார்கள். செல்களைத் தனித்தனியாகச் சோதிக்காமல் இணைத்திருந்தால் மோட்டார் பாவம், என்ன செய்யும்?

ஒரு சிலிக்கான் செல் வெயிலில் ஏறத்தாழ 0.55 முதல் 0.6 வோல்ட் வரை தரும். செல் பெரிசோ சின்னதோ, வோல்ட் அதேதான். உடைந்த துண்டு கூட அதே வோல்ட்டைக் காட்டும்! பரப்பளவைப் பொறுத்து மாறுவது மின்னோட்டம். நல்ல வெயிலில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 30 மில்லி ஆம்பியர். அப்படியென்றால் 10 சதுர செ.மீ. துண்டுக்கு 300 மில்லி ஆம்பியர் வரணும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மல்டிமீட்டரில் 0.5 வோல்ட் வந்துவிட்டால் செல் நல்லது என்று முடிவு கட்டிவிடுவார்கள். வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தாலும் வோல்ட் கொஞ்சம்தான் குறையும், மின்னோட்டமோ பத்தில் ஒரு பங்காகிவிடும். அதனால் வகுப்பறை டியூப் லைட்டுக்குக் கீழே வோல்ட் காட்டும் செல்லால் ஒரு மோட்டாரை அசைக்கக்கூட முடியாது. வோல்ட், ஆம்பியர் இரண்டையும் அளக்கணும், அதுவும் வெயிலில்.

அளப்பது சுலபம். சாதாரணமாகக் கிடைக்கும் செல்லில் நீலப் பக்கம் நெகட்டிவ், சாம்பல் நிறப் பின்பக்கம் பாசிட்டிவ். மீட்டரை டி.சி. 2000 மில்லிவோல்ட்டில் வைத்து முதலில் வோல்ட் பாருங்க. பிறகு சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, நேராக செல்லின் இரு பக்கமும் வைங்க. இதனால் செல்லுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பேட்டரியிலோ வீட்டு பிளக்கிலோ இப்படி வைக்கவே கூடாது! அளந்து முடித்ததும் வயரைப் பழைய துளைக்கே மாற்றிவிடுங்க.

எல்லா செல்லையும் ஒரே நேரத்தில், ஒரே சாய்வில் வைத்து அளக்கணும். மேகம் வந்து போனால் கணக்கு கெட்டுவிடும். கடைசியில் முதல் செல்லை இன்னொரு தடவை அளந்து பாருங்க. பழைய எண்ணே வந்தால்தான் மற்ற எண்களையும் நம்பலாம்.

எங்கள் குழு அளந்தபோது பெரும்பாலான துண்டுகள் 0.28 முதல் 0.30 ஆம்பியர் வரை காட்டின. இரண்டு மட்டும் 0.12, 0.15. வோல்ட் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். தொடரிணைப்பில் வோல்ட்டுகள் கூடும், மின்னோட்டம் மட்டும் இருப்பதிலேயே பலவீனமான செல்லின் அளவுக்கு இறங்கிவிடும். 0.12 செல்லை வரிசையில் சேர்த்தால் மற்ற ஐந்தின் பலமும் வீண். ஆனால் அவற்றைத் தூக்கிப் போட வேண்டாம். இரண்டையும் பக்க இணைப்பில் சேர்த்தால் 0.27 ஆம்பியர் கிடைக்கும், அந்த ஜோடியை ஒரு நல்ல செல்லாகவே வைத்துக்கொள்ளலாம்.

3 வோல்ட் பொம்மை மோட்டாருக்கு ஆறு செல் தொடரில் வேண்டும். வேலை செய்யும்போது ஒரு செல்லுக்கு 0.5 வோல்ட் என்றுதான் கணக்கு வைக்கணும். வெயிலில் சூடு ஏற ஏற, ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு செல்லில் 2 மில்லிவோல்ட் போல குறையும். 12 வோல்ட் பேட்டரிக்கான பேனலில் 36 செல் வைப்பது இதையும் சேர்த்து யோசித்துத்தான்.

சால்டரிங் செய்யும்போது பொறுமை வேண்டும். செல்லின் தடிமன் 0.2 மில்லிமீட்டர்தான், அப்பளம் மாதிரி நொறுங்கும். சமதளத்தில் வைத்து, வெள்ளிக் கோட்டில் ஃபிளக்ஸ் தடவி, தட்டையான டேப்பிங் வயரை அழுத்தாமல் பற்றவைங்க. ஒரு செல்லின் மேல்பக்க வயர் அடுத்த செல்லின் அடிப்பக்கம் போகணும். ஒவ்வொன்று சேர்த்ததும் வோல்ட் பாருங்க: 0.55, 1.1, 1.65 என்று ஏறணும். மூன்றாவதைச் சேர்த்ததும் திரும்ப 0.55-க்கு இறங்கினால் அதைத் தலைகீழாக வைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் டிபன் பாக்ஸைத் திறக்காதீங்க.

1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் மூவரும் தங்கள் சிலிக்கான் செல்லை உலகத்துக்குக் காட்டியபோது ஓட்டியதும் ஒரு பொம்மை ராட்டினம்தான்! அதன் திறன் சுமார் 6 சதவீதம். இப்போது கடையில் விற்கும் பேனல்களே 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டன.

மாடல் ஓட ஆரம்பித்ததும் ஒரே ஒரு செல்லை உள்ளங்கையால் முழுசாக மறைத்துப் பாருங்க. மோட்டார் நின்றுவிடும். நிழலில் உள்ள செல் மற்றவற்றின் வழியையும் அடைத்துவிடுகிறது. பெரிய பேனல்களின் பின்னால் இருக்கும் பெட்டியில் பைபாஸ் டயோடு வைப்பது இதற்காகவே. நம் மாடலுக்கு டயோடு தேவையில்லை. சுற்றி நின்று பார்ப்பவர்களின் தலை நிழல் விழாத இடமாக மேஜையைப் போட்டால் போதும்.

— அறிவியல் மன்றம், பதினோராம் வகுப்பு