சீட்டுக்கட்டும் நிபந்தனை நிகழ்தகவும்

கணிதத்தை விளக்கச் சீட்டுக்கட்டைக் கையிலெடுப்பது கண்டு பெரியோர் சிலர் முகஞ் சுளித்தல் கூடும். பணயம் வைத்து ஆடுதலைப் போற்றுவது எம் நோக்கமன்று. ஆயினும், விடுமுறை நாட்களில் திண்ணையிலிருந்து முந்நூற்றிநாலு ஆடிய பழைய மாணவர் ஒன்றை நன்கறிவர்: எதிரிலிருப்பவர் ஒரு சீட்டை இறக்கியதும், அவர் கையைப் பற்றி நாம் கொண்ட எண்ணம் மாறிவிடுகின்றது. அம்மாற்றத்தை முறைப்படி கணித்தலே நிபந்தனை நிகழ்தகவாகும்.

விதி எளிது. செய்தியொன்று கிடைத்ததும் அதனோடு பொருந்தாத நிலைகளை நீக்குக. எஞ்சியவை சமவாய்ப்புடையனவாயின், அவற்றுள் நாம் வேண்டுவன எத்துணைப் பங்கு என எண்ணுக. 52 சீட்டுகளில் ஏஸ் நான்கு. முதற்சீட்டு ஏஸ் ஆதற்குரிய நிகழ்தகவு 4/52, அதாவது 1/13. அது ஏஸ் எனக் கண்டபின், அதனைக் கட்டில் மீள வையாது எடுக்கும் இரண்டாஞ் சீட்டும் ஏஸ் ஆதற்கு 3/51, அதாவது 1/17. இதுவரை எவரும் இடறுவதில்லை.

இனி, முதற்சீட்டைப் பாராமலே கவிழ்த்து வைத்து, இரண்டாவதைத் திறப்போம். அது ஏஸ். கவிழ்ந்திருப்பதும் ஏஸ் ஆதற்கு நிகழ்தகவு யாது? “பின்னர் நிகழ்ந்தது முன்னர் நிகழ்ந்ததை மாற்றுமோ? 1/13 தான்” என்பர் மாணவர் பலர். மாறியது சீட்டன்று, நமது அறிவே. கவிழ்ந்திருப்பது நாம் காணாத 51 சீட்டுகளுள் ஒன்று. அவற்றுள் ஏஸ் மூன்று. ஆதலின் விடை 1/17. விளைவிலிருந்து முன்னிருந்ததை மதிப்பிடும் இந்நெறியை ஆராய்ந்தவர் தோமஸ் பேயிஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார். 1761 இல் அவர் மறைந்தார். அவருடைய கட்டுரை 1763 இலேயே வெளிவந்தது.

இதனினும் நுட்பமான வினாவொன்றைப் பார்ப்போம். கறுப்பு ஏஸ், சிவப்பு ஏஸ், கறுப்பு இராசா, சிவப்பு இராசா என நான்கே சீட்டுகளைக் கலைத்து, நண்பரொருவருக்கு இரண்டைக் கொடுக்கின்றோம். அவர் கையில் அமையக்கூடிய சோடிகள் ஆறு.

முதலாவதாக, “உம்மிடம் ஏஸ் உண்டா?” என வினவ, “உண்டு” என்கின்றார். இரு இராசாக்களும் சேர்ந்த சோடி நீங்கும், ஐந்து எஞ்சும். அவற்றுள் இரண்டும் ஏஸ் ஆவது ஒன்றே. விடை 1/5.

இரண்டாவதாக, “கறுப்பு ஏஸ் உண்டா?” என வினவ, “உண்டு” என்கின்றார். கறுப்பு ஏஸ் உள்ள சோடிகள் மூன்று. விடை 1/3.

மூன்றாவதாக, நாம் எதுவும் வினவவில்லை. ஏஸ் இருந்தால் அதன் நிறத்தைச் சொல்வதும், இரண்டும் இருந்தால் ஏதேனும் ஒன்றை நோக்கமின்றிச் சொல்வதும் அவர் வழக்கம். இப்போது, “என்னிடம் கறுப்பு ஏஸ் உண்டு” என்கின்றார். இதற்கும் 1/3 என்று விடையெழுதுவோர் பலர். 60 முறை ஆடியதாகக் கொண்டு, சோடி ஒவ்வொன்றும் பத்து முறை வந்ததாக வைப்போம். கறுப்பு ஏஸ் ஓர் இராசாவோடு வருவது 20 முறை; அப்போதெல்லாம் “கறுப்பு” என்றே சொல்வார். இரண்டு ஏஸும் வருவது 10 முறை. அவற்றுள் “கறுப்பு” என்பது ஐந்தே முறை. ஆகவே 25 இல் 5. விடை மீண்டும் 1/5.

சொல் ஒன்றே, விடைகளோ இரண்டு. கேட்ட செய்தி மட்டும் போதாது. அது எவ்வழியாக நம்மை வந்தடைந்தது என்பதும் கணக்கில் சேரவேண்டும். பரீட்சையில் வாய்பாட்டை நன்கு மனனஞ் செய்தவர்கூடப் புள்ளி இழப்பது இவ்விடத்திலேயே. எனவே மாணவர்களே, பின்னத்தை எழுதுமுன் இயலும் நிலைகள் அனைத்தையும் நிரற்படுத்துங்கள். செய்தி எவ்வாறு கிடைத்தது என வினவுங்கள். அதன்பின் நீக்குங்கள், எண்ணுங்கள்.

எம் கல்லூரியை நீங்கி நீதிமன்றிலும் மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் அமர்ந்திருக்கும் பழைய மாணவர்க்கும் இது பொருந்தும். ஒருவர் சொன்னதை எடைபோடுமுன், எவ்வினாவுக்கு விடையாக அதனைச் சொன்னார் என ஆராய்தல் நன்று. நான்கு சீட்டுகள் நமக்குக் கற்பிக்கும் பாடம் அதுவே.