கால் பிடித்து விடுமுன்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் மூத்தம்மாவின் காலுக்கு எண்ணெய் போட்டுப் பிடித்து விடுவது பேரப்பிள்ளைகளின் வேலை. நல்ல வழக்கம். கை போகும் திசைதான் முக்கியம்.

பாதத்திலிருந்து முழங்காலுக்கு, அங்கிருந்து தொடைக்கு என்று மேல்நோக்கியே உருவுங்கள். காலுக்கு இறங்கிய இரத்தம் நாளங்கள் வழியே இதயத்துக்கு ஏற வேண்டும். அது கீழே வழியாதபடி நாளங்களுக்குள் சிறு வால்வுகள் உண்டு. ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628இல், கட்டுப்போட்ட கையில் புடைத்த நாளத்தை விரலால் அழுத்தி விளக்கியது இதைத்தான். சுருண்டு புடைத்த நாளங்களில் இந்த வால்வுகள் பழுதாகியிருக்கும், அங்கே அழுத்தாதீர்கள். முழங்காலின் பின்குழியிலும் கட்டைவிரலை ஊன்றக் கூடாது.

சீனி வருத்தக்காரருக்குப் பாதத்தில் சூடு தெரியாமல் போகலாம். எண்ணெயின் சூட்டை உங்கள் மணிக்கட்டில் பாருங்கள்.

உம்ராவுக்குப் போய் நீண்ட நேரம் விமானத்தில் இருந்துவிட்டு வந்தவர், பிள்ளை பெற்றவர், ஒப்பரேஷன் முடிந்து படுத்திருந்தவர்: இவர்களுக்கு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, நோகிறதா? அந்தக் காலை உருவவே வேண்டாம். உள்ளே இரத்தக்கட்டி இருந்தால் அது கழன்று நுரையீரலில் போய் அடைக்கலாம். அன்றைக்கே அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையில் அல்லது பக்கத்து ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். மூச்சு வாங்கினால், நெஞ்சு நொந்தால் உடனே 1990. சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை.

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் குளிசை குடிப்பவருக்கு அழுத்திய இடம் கன்றிப்போகும். எண்ணெயை மெல்லத் தடவி விட்டாலே போதும்.